மூடிய புட்டிக்குள் ஒரு தேக்கரண்டி சர்க்கரை: ஜி.டி'ஸ் கொம்புச்சா, ஒரு நிகழ்வு ஆய்வு

2010 ஜூன் மாதம் அமெரிக்காவின் ஹோல் ஃபுட்ஸ் அங்காடிகள் தங்கள் குளிர்பெட்டிகளில் இருந்த கொம்புச்சா (சர்க்கரை கலந்த தேநீரை நொதிக்கவைத்த புளிப்புப் பானம்) புட்டிகளை மொத்தமாக எடுத்து உள்ளே வைத்துவிட்டன. குடித்தவருக்கு வாந்தியோ பேதியோ வந்ததாகப் புகார் இல்லை. பூஞ்சை பிடித்ததாகவும் பேச்சில்லை. புட்டிக்குள் இருந்த ஈஸ்ட், சர்க்கரையை ஆல்கஹாலாக்கும் தன் வேலையை விடாமல் செய்துகொண்டிருந்தது, அவ்வளவுதான். அந்தக் குளிர்பெட்டிகளில் அதிக இடம் பிடித்திருந்த ஜி.டி'ஸ் நிறுவனத்துக்கு அப்போது 15 வயது.

உயிருள்ள உணவை விற்கும் சின்ன பிராண்டுகளுக்கு இந்த வழக்கைவிட நல்ல பாடம் கிடைப்பது அரிது. ஊறுகாயோ பிஸ்கட்டோ என்றால் மூடி போட்டதோடு தயாரிப்பு முடிந்தது. கொம்புச்சா, கெஃபிர் (நொதித்த பால் பானம்) போன்றவற்றில் மூடி போட்ட பிறகும் தயாரிப்பு ஓடிக்கொண்டே இருக்கும்; லாரியிலும் கடையிலும் வாங்கியவர் வீட்டிலும். அந்த இரண்டாம் பாதிக்குத் திட்டம் இல்லாதவர்கள்தான் இந்தத் தொழிலில் கையைச் சுட்டுக்கொள்கிறார்கள்.

தொடக்கம்

1995ல் லாஸ் ஏஞ்சலஸில், பதின்ம வயதில், பெற்றோர் வீட்டு அடுக்களையில் ஜி.டி. டேவ் கொம்புச்சாவைப் புட்டியில் அடைக்கத் தொடங்கினார். வீட்டில் பெற்றோர் ஏற்கெனவே அதைக் காய்ச்சிக் குடித்து வந்தார்கள். தாய் லரெய்னுக்கு மார்பகப் புற்றுநோய் வந்து தேறியதும், அப்போது அவர் இதைக் குடித்து வந்ததும்தான் மகனைத் தொழிலுக்குள் தள்ளின. முதல் கடை எர்வான் என்ற இயற்கை உணவு அங்காடி. முதல் ஆர்டர் இரண்டு பெட்டி, அதாவது 24 புட்டி.

இந்த அளவைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 16 அவுன்ஸ் புட்டி என்றால் சுமார் 475 மி.லி.; 24 புட்டிக்கு 11.4 லிட்டர். 5 காலன் கண்ணாடி ஜாடி ஒன்றே போதும், மிச்சமும் இருக்கும். லிட்டருக்கு 60 கிராம் சர்க்கரை போட்டால் மொத்தம் 700 கிராமுக்குக் கொஞ்சம் கீழே. தேயிலை 70, 80 கிராம். கச்சாப்பொருள் செலவு கைப்பிடிக் காசு. புட்டி, மூடி, லேபிள், குளிர்பதனம், கடைக்குக் கொண்டுபோகும் வண்டி, விற்காமல் திரும்பி வரும் புட்டி, கடைக்காரரின் லாபம் ஆகியவற்றில்தான் பணம் கரையும். புதிதாகத் தொடங்குகிறவர்கள் தேயிலையில் பத்து பைசா மிச்சம் பிடிக்கப் பார்ப்பார்கள்; திரும்பி வரும் புட்டியைக் கணக்கிலேயே சேர்க்க மாட்டார்கள்.

எர்வான் போன்ற கடையில் தொடங்கியது விவரமான முடிவு. புளிப்பும் காடி வாடையும், நுண்ணுயிர்கள் கட்டி அடியில் நாராகத் தொங்கும் படலமும் உள்ள பானத்தை, பழக்கமில்லாதவர் முதல் வாயிலேயே துப்பிவிடுவார். இயற்கை உணவுக் கடைக்கு வருகிறவருக்கு அந்த நாரே உயிருள்ள சரக்கு என்பதற்கு அடையாளம். அதனால் டேவ் படலத்தை வடிகட்டி எறியவில்லை, இனிப்பைக் கூட்டிப் புளிப்பை மறைக்கவும் இல்லை. கடையில் நின்று மாதிரி ஊற்றிக் கொடுத்து, ஒவ்வொருவராகப் பழக்கினார்.

அதே 1995ன் ஏப்ரலில் அயோவா மாநிலத்தில், வீட்டில் காய்ச்சிய கொம்புச்சாவைத் தினமும் குடித்து வந்த இரண்டு பெண்களுக்கு ரத்தத்தில் அமிலம் கூடிக் கவலைக்கிடமானது, ஒருவர் இறந்தார். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் டிசம்பரில் அதை அறிக்கையாக வெளியிட்டது. கொம்புச்சாதான் காரணம் என்று நிரூபணம் ஆகவில்லை. ஆனாலும் வீட்டு ஜாடியிலிருந்து கடைக்கு வரும் சரக்கை எந்த அதிகாரியும் சந்தேகத்தோடுதான் பார்ப்பார் என்ற சூழல், பிராண்டு பிறந்த ஆண்டிலேயே உருவாகிவிட்டது.

ஜாடிக்குள்

ஒரு லிட்டருக்கு 5 முதல் 8 கிராம் கறுப்புத் தேயிலை அல்லது பச்சைத் தேயிலை, 50 முதல் 70 கிராம் வெள்ளைச் சர்க்கரை. கொதிநீரில் தேயிலையைப் பத்து நிமிடம் ஊறவிட்டு வடித்து, சர்க்கரையைக் கரைத்து, 30 டிகிரிக்குக் கீழே ஆறவைக்க வேண்டும். பிறகு முந்தைய தொகுதியின் புளித்த நீரைச் சேர்க்க வேண்டும்: மொத்த அளவில் 10 முதல் 20 சதவீதம். கூடவே போடும் படலம் (நுண்ணுயிர்கள் நீரின் மேல் கட்டும் ஏடு) பெரிதாக இருக்கிறதே என்று புளித்த நீரைக் குறைப்பதுதான் புதியவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறு. காப்பது படலமல்ல, அந்த நீரின் அமிலம். சேர்த்து முடித்ததும் பி.எச். (அமில அளவு; எண் குறையக் குறைய அமிலம் கூடும்) 4.6க்குக் கீழே இருக்க வேண்டும். இல்லையென்றால் படலம் மேலே மூடுவதற்குள் பூஞ்சை முந்திக்கொள்ளும்.

24 முதல் 28 டிகிரியில் 7 முதல் 14 நாள் வைப்பது பொதுப் பழக்கம். ஜி.டி'ஸ் தன் சரக்கு சிறிய கண்ணாடிக் கலன்களில் 30 நாள் நொதிப்பதாகச் சொல்கிறது. ஏழு நாளில் பி.எச். 4.2க்கு இறங்காவிட்டால் தொகுதியைக் கொட்டிவிடுவதே அமெரிக்கச் சுகாதாரத் துறைகள் பின்பற்றும் வழிகாட்டல், மறுபக்கம் 2.5க்குக் கீழே போகவும் விடக்கூடாது. பி.எச். காகிதம் இதற்கு உதவாது, தேநீரின் நிறமே அதை ஏமாற்றும். பி.எச். 4.01, 7.00 என்று தெரிந்த கரைசல்களில் சரிபார்த்த மீட்டர் வேண்டும்.

பூஞ்சை பெரும்பாலும் உலர்ந்து, தூசு போல, வெள்ளையாகவோ பச்சையாகவோ கறுப்பாகவோ படலத்தின் மேற்புறத்தில் இருக்கும். அடியில் தொங்கும் பழுப்பு நூல் ஈஸ்ட், அதற்குப் பயப்பட வேண்டாம். பூஞ்சை என்று தெரிந்தால் சுரண்டி எடுத்துவிட்டுத் தொடரக்கூடாது. நீர், படலம் இரண்டும் குப்பைக்கு. வாயை மூடும் துணி நெருக்கமாக நெய்ததாக இருக்கட்டும். சல்லடைத் துணி வழியாகப் பழ ஈ புகுந்து முட்டையிட்டுவிடும். மெருகு பூசிய மண்பாண்டம், பித்தளை, அலுமினியம் எதுவும் ஆகாது. இந்த அமிலம் மெருகிலிருந்து ஈயத்தைக் கரைத்து எடுக்கும். கண்ணாடி, இல்லையென்றால் உணவுத்தர எவர்சில்வர். பெர்கமாட் எண்ணெய் சேர்த்த ஏர்ல் கிரே தேயிலையில் நொதித்தல் மந்தமாகிவிடும்.

மூடிக்குப் பிறகு

ஜாடிக்குள் இரண்டு தரப்பு வேலை செய்கின்றன. ஈஸ்ட் சர்க்கரையை உடைத்து ஆல்கஹாலும் கார்பன் டை ஆக்சைடும் தருகிறது. அசிட்டிக் பாக்டீரியா அந்த ஆல்கஹாலை அமிலமாக்குகிறது. அதற்குக் காற்று தேவை. துணி கட்டிய ஜாடியில் காற்று தாராளம், ஆகவே ஆல்கஹால் சேரச் சேர அமிலமாகிவிடுகிறது. புட்டியில் ஊற்றி இறுக மூடியதும் பாக்டீரியாவின் மூச்சு நின்றுவிடுகிறது. ஈஸ்டுக்குக் காற்று தேவையில்லை. அது சர்க்கரையைத் தின்றுகொண்டே இருக்கும். உண்டாகும் ஆல்கஹாலை எடுத்துக்கொள்ள ஆள் இல்லை.

எவ்வளவு சர்க்கரை? ஒரு கிராம் சர்க்கரையிலிருந்து கிட்டத்தட்ட அரை கிராம் ஆல்கஹால் வரும். அமெரிக்கச் சட்டத்தில் பானம் மதுவாக மாறும் எல்லை கன அளவில் 0.5 சதவீதம், லிட்டருக்கு 5 மி.லி., எடையில் 4 கிராமுக்குச் சற்றுக் குறைவு. அதை உண்டாக்க லிட்டருக்கு 8 கிராம் சர்க்கரை போதும். 475 மி.லி. புட்டிக்கு 4 கிராமுக்குள், அதாவது ஒரு சிறிய தேக்கரண்டி. லிட்டருக்கு 60 கிராமில் தொடங்கிய தொகுதியில் புட்டியடைக்கும் நேரத்தில் 20, 30 கிராம் மிச்சமிருப்பது சாதாரணம். அந்த 30 கிராமும் நொதித்துவிட்டால் ஆல்கஹால் 1.9 சதவீதத்தைத் தொடும். சுவைக்காக லிட்டருக்கு 150 கிராம் சர்க்கரையுள்ள திராட்சைச் சாற்றைப் பத்து சதவீதம் கலந்தால், அதுவே இன்னும் ஒரு சதவீத ஆல்கஹாலுக்குத் தீனி.

அந்த 0.5 சதவீத ஆல்கஹால் உண்டாகும்போது கூடவே லிட்டருக்குச் சுமார் 3.8 கிராம் கார்பன் டை ஆக்சைடும் வெளிவரும். பானத்தின் கன அளவைப்போல இரு மடங்கு வாயு அது. பீரில் இருப்பதைவிடக் கொஞ்சம்தான் குறைவு. ஆகவே கடையில் வாயுவின் அழுத்தத்தில் மூடியோரம் கசிந்து நிற்கும் புட்டி, தன் ஆல்கஹால் கணக்கைத் தானே காட்டிக்கொடுக்கிறது. 2010ல் நடந்தது இதுதான். மெயின் மாநிலத்தின் போர்ட்லாண்ட் நகரில், ஹோல் ஃபுட்ஸ் கடைக்குச் சோதனைக்குப் போன மாநில வேளாண் துறை ஆய்வாளர் கசியும் புட்டிகளைப் பார்த்துச் சந்தேகப்பட்டு, மாதிரிகளைப் பல்கலைக்கழக ஆய்வகத்துக்கு அனுப்பினார். 0.5 சதவீதத்திலிருந்து 2 சதவீதத்துக்கு மேல் வரை முடிவுகள் வந்தன. மேலே போட்ட கணக்கோடு அது அப்படியே பொருந்துகிறது. யாரும் திருட்டுத்தனமாக எதையும் கலக்கவில்லை.

மது, புகையிலை வரிகளைக் கவனிக்கும் டி.டி.பி. என்ற மத்திய அமைப்பு விதியைத் தெளிவாக்கியது. தயாரிப்பின் போதோ, புட்டியடைக்கும் போதோ, அதற்குப் பிறகு எப்போதாவதோ 0.5 சதவீதத்தைத் தொட்டால் அது மதுபானம். வரிச் சட்டத்தின் பார்வையில் தேநீரும் சர்க்கரையும் நொதித்த இந்தப் பானம் பீர் வகையில் போய் நிற்கிறது. உரிமம் பெற்ற இடத்தில் தயாரிக்க வேண்டும், வரி கட்ட வேண்டும், லேபிளில் அரசு எச்சரிக்கை வாசகம் போட வேண்டும். 'எங்கள் வாசலைத் தாண்டும்போது 0.4தான் இருந்தது' என்ற பதில் எடுபடாது. லாரி வெயிலில் நின்றதற்கும் காய்ச்சியவரே பொறுப்பு.

இதில் அளவீடும் ஒரு கண்ணி. ஒயின் காய்ச்சுகிறவர்கள் நம்பும் ஹைட்ரோமீட்டர் (அடர்த்திமானி), ரீஃப்ராக்டோமீட்டர் (ஒளிவிலகல்மானி) இரண்டும் கொம்புச்சாவில் சரியாகச் சொல்லாது. கரைந்த அமிலங்களும் உடைந்த சர்க்கரைகளும் அளவைக் குழப்பும், 0.3க்கும் 0.7க்கும் உள்ள வித்தியாசம் அந்தப் பிழைக்குள் காணாமல் போய்விடும். ஆல்கஹாலைத் தனியாகப் பிரித்து அளக்கும் கேஸ் குரோமடோகிராபி உள்ள ஆய்வகத்துக்கு மாதிரியைக் குளிர்நிலையிலேயே அனுப்புவதுதான் வழி. வழியில் சூடேறினால் மாதிரியும் நொதிக்கும்.

மீண்டு வந்த விதம்

ஜி.டி'ஸ் அதன்பிறகு சரக்கை இரண்டாகப் பிரித்தது. எல்லைக்குள் நிற்கும்படி மாற்றி அமைத்ததை 'என்லைட்டன்ட்' என்று எல்லோருக்கும் விற்றது. பழைய முறையில் செய்ததை 'கிளாசிக்' என்று 21 வயது நிரம்பியவர்களுக்கு மட்டும் என விற்றது. ஒரே பானம் இரண்டு சட்டங்களின் கீழ், இரண்டு அலமாரிகளில். பழைய வாடிக்கையாளரை இழக்காமல் பெரிய சந்தையையும் பிடித்துக்கொள்ள இதைவிடச் சுருக்கமான வழி தெரியவில்லை.

மற்ற தயாரிப்பாளர்கள் போன வழிகள் வேறு, ஒவ்வொன்றுக்கும் விலை உண்டு. சூடாக்கினால் ஈஸ்டோடு சேர்ந்து 'உயிருள்ளது' என்ற பெயரும் போகும். நுண்வடிகட்டியில் ஈஸ்டை நீக்கி வாயுவைச் சிலிண்டரிலிருந்து ஏற்றினால் சரக்கு அடங்கி நிற்கும். ஆனால் நார் இல்லாத தெளிந்த கொம்புச்சாவைப் பழைய ரசிகர்கள் சோடா என்பார்கள். வெற்றிடத்தில் ஆல்கஹாலைப் பிரித்தெடுக்கும் இயந்திரம் சிறு முதலாளியின் கைக்கு எட்டாது; தயாரிப்பில் இடையில் 0.5ஐத் தாண்டியதால் மது உரிமமும் கூடவே வேண்டும். சிறு அளவில் செய்கிறவர்களுக்கு மிஞ்சுவது நீண்ட நாள் நொதிக்கவிட்டுச் சர்க்கரையைத் தீர்ப்பது, சாற்றுக்குப் பதில் இஞ்சி, மூலிகை, எலுமிச்சைத் தோல் எனச் சர்க்கரை இல்லாத மணங்களைச் சேர்ப்பது, ஊற்றுவதற்கு முன்பே கலனை 2, 3 டிகிரிக்கு இறக்கி ஈஸ்டைப் படியவைத்து மேல்நீரை மட்டும் எடுப்பது, பிறகு 4 டிகிரியை விடாமல் பிடித்திருப்பது. குளிர் ஈஸ்டைத் தூங்கத்தான் வைக்கும், கொல்லாது.

புரோபயாடிக் என்று யார் சொன்னது

2001ல் உலகச் சுகாதார நிறுவனமும் உணவு வேளாண் நிறுவனமும் கூட்டிய நிபுணர் குழு வகுத்த வரையறைப்படி, போதிய எண்ணிக்கையில் உட்கொண்டால் உடலுக்கு நன்மை தரும் உயிருள்ள நுண்ணுயிர்களே புரோபயாடிக். எந்த இனம், எந்த வகை, எத்தனை என்பதைச் சொல்ல முடியாத இடத்தில் அந்தச் சொல்லுக்கு இடமில்லை. கொம்புச்சாவின் இயல்பான குடிகள் அசிட்டிக் பாக்டீரியாவும் ஈஸ்டும். லாக்டோபேசில்லஸ் ஒரு ஜாடியில் இருக்கும், அடுத்த ஜாடியில் இருக்காது. ஆகவே உயிருள்ள, நொதித்த பானம் என்று சொல்லிக்கொள்ளலாம், தானாகவே புரோபயாடிக் ஆகிவிடாது.

ஜி.டி'ஸ் இந்த ஓட்டையை வெளியிலிருந்து நுண்ணுயிர் சேர்த்து அடைத்தது. லேபிளில் பேசில்லஸ் கோகுலன்ஸ் ஜிபிஐ-30 6086 என்று வகை எண்ணோடும், எஸ். பௌலார்டியும் சேர்த்து, தலைக்கு 100 கோடி என்று எழுதியது. முதலாவது வித்தாக உறங்கும் பாக்டீரியா, பி.எச். 3 அமிலத்தில் மாதக்கணக்கில் கிடந்தாலும் எண்ணிக்கை அவ்வளவாக விழாது, புட்டிக்குள் சர்க்கரையையும் தொடாது. இரண்டாவது ஈஸ்ட். ஈஸ்டால் பட்ட பாட்டுக்குப் பிறகு இன்னொரு ஈஸ்டைச் சேர்ப்பது துணிச்சல்தான். புதிதாகத் தொடங்குகிறவருக்கு வித்து பாக்டீரியாவை மட்டும் பரிந்துரைக்கலாம்.

சொற்களும் செலவு வைத்தன. தாயின் புற்றுநோய் அனுபவத்தில் பிறந்தது என்ற வரி பல ஆண்டுகள் புட்டியிலேயே இருந்தது. நோயைக் குணமாக்கும் என்று அது நேராகச் சொல்லவில்லை. வாசிப்பவர் மனம் சொல்லிக்கொள்ளும். அந்த வரியை அப்படியே பின்பற்ற நினைக்கும் சிறு பிராண்டுகளுக்கு அது ஆகாத வேலை, குறிப்பாக இன்று. 2015ல் தொடுத்த கூட்டு வழக்கில் ஆல்கஹால் அளவும் 'ஆன்டிஆக்ஸிடன்ட்' போன்ற லேபிள் சொற்களும் கேள்விக்குள்ளாயின. 2017ல் 82.5 லட்சம் டாலருக்குச் சமரசம் ஆனது. ஹோல் ஃபுட்ஸும் அதில் பிரதிவாதி. நிறுவனம் வெளி முதலீட்டாளர்களிடம் பங்கு விற்காமல் டேவின் கையிலேயே இருந்தது. 30 நாள் நொதித்தலைப் பத்து நாளாக்கு என்று நெருக்க ஆளில்லை என்பது இந்த அமைப்பின் பலன். சமரசத் தொகையைப் பகிர்ந்துகொள்ளவும் பங்காளி இல்லை.

நம் ஊரில் இதே சரக்கு

இந்தியாவிலும் எஃப்எஸ்எஸ்ஏஐ என்ற உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதிகளில் 0.5 சதவீதத்துக்கு மேல் போனால் அது மதுபானம். தமிழ்நாட்டில் மதுவின் சில்லறை விற்பனை 2003லிருந்து டாஸ்மாக் கையில் இருக்கிறது. ஆகவே 'கிளாசிக்' என்று இன்னொரு அலமாரிக்குப் போகும் வழி இங்கே சிறு தயாரிப்பாளருக்கு இல்லை. புரோபயாடிக் என்று லேபிளில் போட, ஊட்டச்சத்து உணவுகளுக்கான விதிகளில் பட்டியலிட்ட நுண்ணுயிராக இருக்க வேண்டும். ஒரு நாள் அளவில் குறைந்தது 10 கோடி உயிருடன் இருக்க வேண்டும், அதுவும் காலாவதி நாள் வரை. அடைக்கும் நாளில் எண்ணிக் காட்டுவது போதாது. ஆகவே இழப்பைக் கணித்துக் கூடுதலாகப் போட வேண்டும். நம் மே மாத வெயிலில் டெலிவரி வண்டியின் பின்பெட்டி 40 டிகிரியைத் தாண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

காலாவதித் தேதியை யூகத்தில் போடக் கூடாது. முதல் மூன்று தொகுதிகளிலும் ஒவ்வொன்றிலிருந்தும் 18 புட்டிகளை ஒதுக்குங்கள்: ஆறு 4 டிகிரியில், ஆறு 25 டிகிரியில், மீதி ஆறு முதலில் ஒரு நாள் 35 டிகிரியில் கிடந்துவிட்டுப் பிறகு 4 டிகிரிக்குத் திரும்ப. கடைசி வகைதான் உண்மையான கடையைப் போன்றது. மின்வெட்டும், வெயிலில் நின்ற வண்டியும் அதற்குள் வந்துவிடும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு வகையிலும் ஒரு புட்டியைத் திறந்து பி.எச்., ஆல்கஹால், உயிர் எண்ணிக்கை மூன்றையும் பாருங்கள். திறக்கும்போது நுரை பொங்கி வழிந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். கடைசி வகை 0.4ஐத் தொடும் வாரம் எதுவோ, அதற்கு முந்தைய சோதனை நாள்தான் லேபிளில் போட வேண்டிய தேதி. அது மூன்று வாரத்துக்குள் வந்தால் தேதியைத் தள்ளிப் போடாமல் சமையல் குறிப்புக்குத் திரும்பி, சர்க்கரையைக் குறைத்து மறுபடி தொடங்க வேண்டியதுதான்.